அட்வான்ஸ்டு டிப்ளமோவும் ஒரு துண்டு மேகமும்

கல்லூரி வாசலில் ஒருவர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளின் சர்டிபிகேட்டை வாங்கி, அதில் 'அட்வான்ஸ்டு' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் கதவைத் திறப்பார். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்... இப்படி ஒரு காட்சியை முழுசாக மூன்று வாரம் நம்பியவன் நான்.

சிரிக்காதீர்கள். நீங்களும் எதையாவது நம்பிக்கொண்டுதான் இருப்பீர்கள். என்னுடையது வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது ஏன் இதைச் சொல்கிறேன்? போன வாரம் ஒரு வாசகர் போன் செய்தார். திண்டிவனம் பக்கம்.

"சார், ஞாயித்துக்கிழமை எழுதறவரு நீங்கதானே?"

"ஆமாங்க."

"உங்க பொண்ணு காலேஜ் சேர்ந்துடுச்சாமே. நம்ம பையன் இந்த வருஷம் பத்தாவது சார். பிளஸ் ஒன்னுக்கு பதிலா ஏதோ அட்வான்ஸ்டு டிப்ளமோன்னு இருக்காம். வெளிநாட்டு சிலபஸ். அதுல போட்டா காலேஜ் சீட்டு தானா வரும்னு மச்சான் சொல்றான். இப்பவே பேர் கொடுத்து வைக்கணுமாம். போடலாமா?"

மச்சான் சொல்றான். அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. இவருக்கு மச்சான். எனக்குச் சகலை. உறவுமுறைதான் வேறு, வியாதி ஒன்றுதான்.

"ஒரு வாரம் பொறுங்க. எழுதியே சொல்றேன்" என்றேன்.

"ஒரு வாரமா?" என்றார். அந்த 'வாரமா'வில் இருந்த நடுக்கம் இருக்கிறதே... அதை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம் முழுக்க அது என் குரலில்தான் குடியிருந்தது.

இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — என் தொழில் உப்பு, என் சுபாவம் பதற்றம். மரக்காணத்தில் கொஞ்சம் உப்பளம் குத்தகைக்கு வைத்திருக்கிறேன். தொழிலும் சுபாவமும் ரொம்பப் பொருத்தமான ஜோடி. உப்பளத்தில் வெயில் காய வேண்டும். அதைத் தவிர எது வந்தாலும் நஷ்டம். மூன்று வாரம் பாத்தியில் விளைந்ததைக் கால் மணி நேர மழை கரைத்துவிட்டுப் போய்விடும். அதனால் நாங்கள் நடக்கும்போது முன்னால் பார்த்து நடக்க மாட்டோம், மேலே பார்த்துத்தான் நடப்போம். என் கால் கட்டை விரலில் இருக்கும் தழும்புகளுக்கெல்லாம் ஆகாயம்தான் பொறுப்பு.

அந்த மே மாதம் என் மகள் நிவேதா பத்தாவது முடித்திருந்தாள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. நல்ல மார்க். பிளஸ் ஒன் அங்கேயே சேர வேண்டியது, அவ்வளவுதான் வேலை. வீட்டில் யாருக்கும் எந்தக் கவலையும் இல்லை. அப்படி ஒரு நிலைமையை என்னால் எவ்வளவு நாள் தாங்க முடியும்?

அந்த நேரம் பார்த்துப் பெருமுக்கல் மலை மேல் ஒரு காதுகுத்து. என் சகலை முரளியும் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தான். என் மனைவி சுமதியின் தங்கையைக் கட்டியவன். பேங்கில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் நடைப்பயிற்சி. நான் வாரத்தில் ஐந்து நாள் அதைப் பற்றி யோசிப்பவன். இரண்டு பேரும் சேர்ந்து படி ஏறினோம். தப்பு அங்கேதான் நடந்தது.

"நிவிய எங்க போடப் போற சகல?"

"இங்கயே... கவர்மெண்ட்... ஸ்கூல்ல..." எனக்கு மூச்சு வாங்கியது.

"இன்னா சகல நீ. உலகம் எங்கயோ போவுது. இப்பல்லாம் காலேஜுல மார்க் பாக்கறதே இல்ல தெரியுமா? ப்ரொஃபைல்தான் பாக்கறான்."

"யாரு?"

"அவனுங்கதான்."

"எவனுங்க?"

"அட்மிஷன் ஆபீசருங்க சகல. நம்ம பையன் ரித்திக்க அட்வான்ஸ்டு டிப்ளமோவுல போட்டிருக்கேன். ரெண்டு வருஷம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதணும், சமூக சேவை பண்ணணும், தத்துவம் படிக்கணும். சர்டிபிகேட்ட பாத்தாலே எந்திரிச்சு நின்னு கூப்புடுவான்."

ஒரு படிக்கு ஒரு பாயிண்ட் வீதம் சொல்லிக்கொண்டே ஏறினான். எதிர்த்துப் பேச என்னிடம் கருத்து இருந்தது; காற்று இல்லை. நான் பேசாததைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். அதில்கூடத் தப்பில்லை. பாதி மலையில் நானே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். உச்சியில் குழந்தைக்குக் காது குத்தினார்கள். எனக்கு அதற்கு முன்பே குத்தியாகிவிட்டது.

இறங்கி வந்து சுமதியிடம் சொன்னேன்.

"மலை ஏறினா சாமி கும்பிட்டுட்டு வருவாங்க" என்றாள். "நீங்க இன்னாத்தையோ கும்பிட்டுட்டு வந்திருக்கீங்க."

பீஸ் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். அந்தத் தொகையை இங்கே எழுதினால், எடிட்டர் அச்சுப்பிழை என்று நினைத்து ஒரு சைபரை அடித்துவிடுவார். அதனால் விடுகிறேன்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. ப்ரொஃபைல் வேண்டுமே... நிவேதாவிடம் என்ன ப்ரொஃபைல் இருக்கிறது? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"நிவி, உனக்கு தலைமைப் பண்பு இருக்கா?"

"எதுக்கு கேக்கறீங்க?"

"சும்மா சொல்லு."

"ஆறு மாசம் கிளாஸ் லீடரா இருந்தேன். அப்புறம் பேசறவங்க பேர எழுதுன்னாங்க. என் பேரையும் எழுதினேன். எடுத்துட்டாங்க."

"சமூக சேவை?"

"அம்மாவுக்கு மாவு அரைச்சு தந்தது கணக்குல வருமா?"

"அது வீட்டு வேல."

"அப்ப பக்கத்து வீட்டு மாவ அரைக்கிறேன். சமூகம் ஆயிடும்."

நோட்டில் எழுதினேனா என்று கேட்காதீர்கள். எழுதினேன்.

அவளை உப்பளத்துக்கு அழைத்துக்கொண்டு போய், கையில் உப்பு வாரும் பலகையைக் கொடுத்து ஒரு போட்டோவும் எடுத்தேன். உழைக்கும் வர்க்கத்தோடு தொடர்பு... ப்ரொஃபைலில் போடலாம் பாருங்கள். எங்கள் மேஸ்திரி ஏழுமலை தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "ண்ணே, பாப்பா பலகைய தலகீழா புடிச்சினு இருக்குது" என்றார். மறுபடி எடுத்தோம். இந்த முறை நான் கண்ணை மூடிவிட்டேன். போட்டோ எடுப்பவன் கண்ணை மூடினால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? பாதி பெண், பாதி வரப்பு.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நிவேதா உப்பளத்துக்குப் புதுசு இல்லை. லீவு நாட்களில் லாரிக்கு லோடு சீட்டு எழுதுவது அவள்தான். அவள் எழுதுவாள், நான் கையெழுத்துப் போடுவேன். படித்துப் பார்த்துப் போடுகிறேனா? இருபது வருஷமாக ஒரு நாளைக்கு இத்தனை லாரி. யார் படிப்பது? நான் போடும்போது கண் வானத்தில் இருக்கும். கை மட்டும் காகிதத்தில் இருக்கும். ஒரு தடவை சரக்கு என்ற இடத்தில் உப்புக்குப் பதிலாக 'யானை' என்று எழுதி நீட்டினாள். போட்டுவிட்டேன். பத்து டன் யானை. லாரி டிரைவர்தான் மெயின் ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சார், யானைய எங்க எறக்கணும்?"

அன்று எல்லோரும் சிரித்தோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சகலை தினமும் போன் செய்தான். "சீட்டு ரொம்பிட்டே இருக்குது சகல." ஈ.சி.ஆரில் பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு பள்ளி, அங்கேதான் ரித்திக் படிக்கிறான், இவனே பேசி இன்டர்வியூவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டான். மாற்றுச் சான்றிதழோடு வரச் சொன்னார்களாம். அப்படி அவன் சொன்னான்.

நிவேதாவிடம் சொன்னேன். அவள் மொபைலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் இங்கயே படிக்கிறேம்பா."

"உனக்கு தெரியாது. உலகம் எங்கயோ போவுது."

"எங்க போவுது?"

அதை முரளி சொல்லவில்லை. "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றேன். பதில் இல்லாத அப்பாக்கள் எல்லோரும் கடைசியில் ஒதுங்குகிற நிழல் அதுதான்.

அவள் அழவில்லை. "டி.சி. எப்ப வாங்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"காலையிலயா?"

"காலையில."

"சரி" என்றாள். எவ்வளவு பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் ப்ரொஃபைலில் சேர்க்கலாமா என்றுகூடத் தோன்றியது.

வியாழக்கிழமை பள்ளி ஆபீசில் ஒரே கூட்டம். பிளஸ் ஒன் அட்மிஷன். பெற்றோர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் நின்றேன். எல்லோரும் உள்ளே வருவதற்கு நிற்கிறார்கள், நான் மட்டும் வெளியே போவதற்கு நிற்கிறேன்... கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. என் முறை வந்ததும் குனிந்து ரகசியம் மாதிரி சொன்னேன்.

"நிவேதாவோட டி.சி.க்கு வந்தேன் சார்."

கிளார்க் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "நிவேதா அப்பாவா? உக்காருங்க. எல்லாம் ரெடியா இருக்குது. பேப்பர் எல்லாம் பொண்ணே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுச்சு. நீங்க கையெழுத்து போட்டா போதும்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. பார்த்தீர்களா... வேண்டாம் என்று சொன்னவள் அவளே வந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். பேனாவை எடுத்தேன். அந்த நேரம் போன் அடித்தது. ஏழுமலை.

"ண்ணே, கெழக்கால மேகம் ஏறுது."

எழுந்து நின்றுவிட்டேன். "எவ்ளோ?"

"ஒரு தார்ப்பாய் அகலம் இருக்கும்."

"கறுப்பா?"

"கறுப்புன்னு சொல்ல முடியாது. அழுக்கு."

ஆபீஸ் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. கழுத்தை நீட்டினேன். வேப்பமரம் மறைத்தது. வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம்? கிளார்க் ஒரு காகிதத்தைத் தள்ளினார். "இங்க ஒண்ணு சார்." போட்டேன். "இங்க ஒண்ணு." போட்டேன். "பின்னால ஒண்ணு." அதையும் போட்டேன். மூன்று கையெழுத்து, ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை. அவர் எதையெதையோ மடித்து ஒரு பழுப்புக் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தார்.

"இத பிரிக்க வேணாம் சார். எங்க கேக்கறாங்களோ அங்க அப்படியே கொடுங்க."

வண்டியை எடுத்துப் பறந்தேன்.

உப்பளத்தில் ஏழுமலை இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். மேகம் இருந்தது. உண்மையாகவே ஒரு தார்ப்பாய் அகலம்.

"வாரிடலாம்" என்றேன்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டா கல்லு கல்லா வரும்ணே. இப்ப வாரினா ரவைதான்."

"மழை வந்தா அந்த ரவையும் கெடையாது."

"வந்தாத்தானே?"

"வந்தா?"

ஏழுமலை தலையைச் சொறிந்தார். என்னிடம் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறார். என்னோடு வாதாடுவதைவிட உப்பு வாருவது லேசான வேலை என்று அவருக்குத் தெரியும். ஆட்களைக் கூப்பிட்டார். பாத்தி பாத்தியாக வாரினார்கள். வெள்ளையாக, பொடியாக, பாதி விளைச்சலில் நின்றுபோன உப்பு. நான் வரப்பில் இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்குமாக நடந்தேன். என்னால் ஆன உதவி அது.

எல்லாவற்றையும் குவித்து மூடி முடித்தபோது மேகம் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. புதுச்சேரிப் பக்கம். சகலையைப் பார்க்கப் போயிருக்கும்.

ஏழுமலை ஒரு பிடி எடுத்து விரலில் தேய்த்தார். "இத கருவாட்டுக்குத்தான் தரணும்ணே. குப்பத்துல கேட்டா எடுத்துப்பாங்க." அதில் குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லை. அதனால்தான் வலித்தது.

வெள்ளிக்கிழமை. நானும் நிவேதாவும் பஸ்ஸில் போனோம். சுமதி வரவில்லை. "ரெண்டு பேரு போதும், ஒருத்தர் பதர்றதுக்கு, ஒருத்தர் பாக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டாள். ஜன்னல் சீட்டில் நிவேதா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். கழுவேறப் போகிற கைதி மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் பழுப்புக் கவர். கூனிமேடு தாண்டியதும் ஒரு எண்ணம்... இவள் ஏன் தூங்குகிறாள்?

பள்ளி அழகாக இருந்தது. மரங்கள், நிழல், சத்தமே இல்லை. இத்தனை பிள்ளைகள் படிக்கிற இடத்தில் சத்தம் இல்லாவிட்டால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். உட்கார வைத்தார்கள். பிள்ளைகளுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் வந்தார். சின்ன வயசுப் பெண், காட்டன் புடவை, கையில் நோட்.

"நிவேதாவுக்கு என்ன படிக்கணும்னு ஆசை சார்?"

நான் தொண்டையைச் செருமினேன். மூன்று வாரமாகச் சேர்த்த ப்ரொஃபைல் நோட்டைத் திறந்தேன். தலைமைப் பண்பு இருந்தது. பக்கத்து வீட்டு மாவு இருந்தது. பாதிப் பெண், பாதி வரப்பு போட்டோ இருந்தது. என்ன படிக்க ஆசை என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மூன்று வாரம். எத்தனை பேரிடம் எத்தனை கேள்வி கேட்டேன். பீஸ் கேட்டேன், பஸ் கேட்டேன், கேன்டீனில் சாம்பார் சாதம் உண்டா என்றுகூடச் சகலையிடம் கேட்டேன். இந்த ஒன்றை, வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவளிடம், கேட்கவே இல்லை.

அவள் பக்கம் திரும்பினேன். கவுன்சிலரும் திரும்பினார்.

"கெமிக்கல் இன்ஜினியரிங் மேடம்" என்றாள் நிவேதா. "சென்னையில கவர்மெண்ட் காலேஜ்ல. உப்புத் தண்ணியோட அடர்த்தி இருபத்தஞ்சு டிகிரி வந்தாத்தான் பாத்தியில உப்பு விழும். அதுக்கு மேல போனா கசப்பு சேர்ந்துடும். மீதி கசப்புத் தண்ணிய அப்படியே திறந்து விட்டுடறாங்க. அதுல இன்னும் என்னெல்லாம் எடுக்கலாம்னு படிக்கணும்."

"எப்ப இத முடிவு பண்ண?" என்று கிசுகிசுத்தேன்.

"போன வருஷமே சொன்னேன்பா. நீங்க மேல பாத்துனு இருந்தீங்க."

கவுன்சிலர் சிரிப்பை நோட்டில் மறைத்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். அவர் சொன்னதைத் திண்டிவனத்து வாசகருக்காகக் கிட்டத்தட்ட அப்படியே எழுதுகிறேன்.

"சார், வெளிநாட்டு யுனிவர்சிட்டிக்கு போகணும்னா இந்த டிப்ளமோ நல்லாவே ஹெல்ப் பண்ணும். அங்க இத தெரியும், மதிப்பாங்க. சில எடத்துல இங்க படிச்ச பாடத்துக்கு க்ரெடிட்டும் கொடுப்பாங்க. நம்ம நாட்டுலயும் கட்டுரை, இன்டர்வியூன்னு பாக்கற சில பிரைவேட் யுனிவர்சிட்டிக்கு உதவும். ஆனா நிவேதா கேக்கறது தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங். அங்க கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி — மூணு மார்க்குதான். சர்டிபிகேட்டுக்கு என்ன பேருன்னு யாரும் பாக்க மாட்டாங்க. எங்க மார்க்க அந்த கணக்குக்கு மாத்தி, பிளஸ் டூவுக்கு சமம்னு ஈக்விவேலன்ஸ் வாங்கி... அது ஒரு தனி அலைச்சல்."

"அப்போ ப்ரொஃபைல்?"

"அந்த கவுன்சிலிங்ல ப்ரொஃபைல் எழுத ஒரு கட்டமே கிடையாது சார்."

பூதக்கண்ணாடிக்காரர் என் மனசிலிருந்து எழுந்து, நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"இன்னொண்ணு" என்றார் கவுன்சிலர். அவர் குரல் கொஞ்சம் மாறியது. "நிவேதா ஆறாவதுலேந்து கவர்மெண்ட் ஸ்கூலா?"

"ஆமாங்க."

"ஆறுலேந்து பன்னெண்டு வரைக்கும் தொடர்ந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு ஏழரை சதவீதம் ஒதுக்கீடு இருக்குது சார். சீட்டும் உண்டு, பீஸையும் அரசாங்கமே பாத்துக்கும். நடுவுல இந்த ரெண்டு வருஷம் எங்ககிட்ட வந்துட்டா அது போச்சு. அந்த அஞ்சு வருஷமும் கணக்குல வராது." நிறுத்திவிட்டு, என் மடியைப் பார்த்தார். "டி.சி. வாங்கிடலையே?"

நான் கவரைப் பார்த்தேன். என் கையெழுத்து மூன்று. நானே போட்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளியில் முதல் குரூப்புக்கு நேற்றே அவ்வளவு கூட்டம், இன்றைக்குள் நிரம்பியிருக்கும். ஐந்து வருஷம் அவள் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்த்தது... நான் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த நேரத்தில் போய்விட்டது. கவரை மேஜை மேல் வைத்தேன். தள்ளக்கூட முடியவில்லை.

பக்கத்தில் நிவேதா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள்.

கவுன்சிலர் ஸ்டேப்ளர் பின்னைப் பிரித்தார். முதல் காகிதத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நிவேதாவைப் பார்த்தார்.

"சார்... இது டி.சி. இல்ல."

"பின்ன?"

"பிளஸ் ஒன் அட்மிஷன் சீட்டு. முதல் குரூப். நேத்து தேதி. பெற்றோர் கையெழுத்துன்னு நீங்க போட்டிருக்கீங்க. கூடவே யூனிஃபார்ம் அளவு எழுதற ஃபாரம்."

அந்த அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று நிவேதா பாட்டிலை மூடினாள். பிறகு, கவுன்சிலர் இன்னமும் அவளையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தெரியும்" என்றாள்.

கதை இவ்வளவுதான். முதல் நாளே போய் பிளஸ் ஒன் ஃபாரத்தை எழுதி வைத்திருக்கிறாள். கிளார்க்கிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "எங்க அப்பா நாளைக்கு வருவாரு சார். டி.சி.ன்னு கேப்பாரு. கையெழுத்து போடற எடத்த மட்டும் காட்டுங்க, போட்டுடுவாரு. படிச்சுப் பாத்தார்னா கிழிச்சுடுங்க, நான் அங்கயே போய் படிச்சுக்கிறேன்."

பிறகு ஒரு நாள் கிளார்க்கைப் பார்த்தபோது, "இன்னா சார் இப்படி பண்ணிட்டீங்க?" என்று கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "டி.சி. வேணும்னா லெட்டர் எழுதித் தரணும் சார். நீங்க எழுதலியே. கொடுத்த ஃபாரத்துல கையெழுத்து போட்டீங்க. அதுல என்ன இருந்துதோ அதான் நடந்துது."

பஸ்ஸில் திரும்பும்போது நிவேதாவிடம் கேட்டேன். "நான் படிச்சுப் பாத்திருந்தா?"

"பாத்திருக்க மாட்டீங்க."

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்ற?"

"யானைய நெனச்சுக்குங்க" என்றாள்.

சரி, ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். "கரெக்டா அந்த நேரத்துல மேகம் வந்துதே... அது எப்படி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஏழுமலை மாமாகிட்ட வானத்துல எது தெரிஞ்சாலும் பத்து மணிக்கு ஒரு போன் போடச் சொல்லியிருந்தேன். மேகம் நெஜமாவே வரும்னு எனக்கும் தெரியாது."

அன்று உப்பளத்தில் ஏழுமலை ஏன் அவ்வளவு தலையைச் சொறிந்தார் என்று அப்போது புரிந்தது. போன் போடத்தான் சொன்னாள். உப்பை வாரச் சொன்னது நான்.

திண்டிவனத்து வாசகரே, உங்களுக்கு என் பதில் இதுதான். அந்தப் படிப்பு மோசம் இல்லை. நல்ல படிப்பு. ரித்திக் ஒரு விடுமுறையில் வந்து எங்கள் பாத்தியில் நான்கு நாள் உட்கார்ந்து, உப்புக் கல் எப்படிப் பெரிதாகிறது என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினான்; அவன் கேட்ட கேள்விகளில் பாதியை என் ஜென்மத்தில் நான் யோசித்ததில்லை. வெளியே போகிற பிள்ளைக்கு அது கதவு. உள்ளூர் கவுன்சிலிங்குக்குப் போகிற பிள்ளைக்கு அது சுவரில் வரைந்த கதவு. ஆகவே பள்ளிக்கூடத்தை விசாரிப்பதற்கு முன்னால், பையன் எங்கே போகப் போகிறான் என்று பையனையே கேளுங்கள். எதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

நாம் எல்லோருமே உப்பளக்காரர்கள்தான். வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்; பாத்தியில் என்ன விளைகிறது என்று குனிந்து பார்க்க நேரம் இருப்பதில்லை. ஒரு துண்டு மேகம் போதும், பாதியில் வாரிவிடுகிறோம். வாரிய பிறகு அது எதற்கு ஆகும்? ஏழுமலை சொன்ன கருவாட்டுக்குத்தான்.

எல்லாம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ரித்திக் அவன் ஆசைப்பட்ட வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அந்த டிப்ளமோ அவனுக்கு உண்மையாகவே உதவியது. சகலை இப்போது தினமும் அந்த ஊர் வானிலையை எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறான். நிவேதா அதே அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்து, மூன்று பாட மார்க்கில், அந்த ஏழரை சதவீதத்தில், சென்னையில் கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டாள். சேர்க்கைப் படிவத்தை என் முன்னால் வைத்து, கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். யானை எங்கேயும் இல்லை.

அப்புறம், அந்த வியாழக்கிழமை மழை பெய்யவே இல்லை.